பூன்லாய் யார் பிள்ளை?

எங்கள் தாலுகா அலுவலகத்துக்குள் போகிறவனிடம் இரண்டு சாமான் இருக்கக்கூடாது. ஒன்று அவசரம், இன்னொன்று விளையாட்டுப் பேச்சு. பூன்லாய்க்கு அவசரம் கிடையாது. மற்றது நிறைய இருந்தது. அதனால்தான் நாற்பத்தாறு வயதில் அவன் யார் பிள்ளை என்று அரசாங்கம் தேட வேண்டியதாயிற்று.

மேகோங் ஆற்றுக்கு இக்கரை தாய்லாந்து, அக்கரை லாவோஸ். பூன்லாய் இக்கரையில் தக்காளி போடுகிறவன். ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் வெளியே வரும் வண்டல் மண்ணில் எங்கள் ஊரே தக்காளிதான் போடும். மாகாணத் தலைநகரில் இருக்கும் சாஸ் கம்பெனி வாங்கிக்கொள்ளும். ஒப்பந்தக்காரன் நேரில் வந்து அடையாள அட்டையை நீட்டினால்தான் அங்கே எடை போடுவார்கள். ஏற்றிப்போவது என் பிக்கப் வண்டி. என் பெயர் தியன். ஊரில் எல்லோருக்கும் தியன் அக்கா. கோபமாக இருக்கும்போது என் புருஷனுக்குக்கூட.

போன வருஷம் எங்கள் ஊர்த்தலைவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு சியா கிட்டி நின்றார். சியா என்பது பணக்காரர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதைச் சொல். பாங்காக்கிலிருந்து வந்து கரையில் விடுதி கட்டி, வண்டல் மண்ணில் பாதியை வேலி போட்டு, விருந்தாளிகள் சூரியன் மறைவதைப் பார்ப்பதற்காக நாற்காலிகள் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் சூரியன் ஆற்றில் உதிக்கும், மறையாது. ஆகவே விருந்தாளிகள் சாயங்காலம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்தார்கள். மீதிப் பாதிக்கும் வேலி வந்துவிடும் என்று பயந்த ஊர்க்காரர்கள் பூன்லாயைப் பிடித்து எதிர்த்து நிறுத்தினார்கள்.

விகாரை மண்டபத்தில் வேட்பாளர்கள் பேச வேண்டிய நாள். கிட்டி, பாங்காக் ஆஸ்பத்திரியில் தான் பிறந்ததற்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அதில் அவருடைய குட்டிப் பாதத்தின் மை அச்சுகூட இருந்தது. பூன்லாயிடம் காட்ட ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தான்.

"அவரு பெரிய ஆஸ்பத்திரியில பொறந்தவருங்க. நான் முறத்துல பொறந்தவன். என்னைப் பெத்தவ மூணாம் நாளே என்னை ஒரு பாட் காசுக்கு அக்கரை ஓன்சிக்கு வித்துட்டா. தவிட்டுக்கு வாங்குன புள்ள. தலைவராக்கினா உங்களுக்குச் செலவே வராது!"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கிட்டியின் ஆள் மட்டும் சிரிக்காமல் கைபேசியில் பதிவு செய்துகொண்டான்.

சிரித்தவர்களுக்கு இது என்ன விஷயம் என்று தெரியும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதை முறத்தில் கிடத்தி ஆட்டி, "யார் பிள்ளை இது? வேண்டுமானால் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போ" என்று பேயைக் கூப்பிடுவது வழக்கம். பேய் பதில் சொல்வதற்குள், பெற்ற பிள்ளைகளை எல்லாம் உயிரோடு வளர்த்த ஒருத்தி "என் பிள்ளை" என்று குறுக்கே விழுந்து, ஒரு காசு கொடுத்து வாங்கிக்கொள்வாள். பேய் ஏமாந்து திரும்பிவிடும். அப்புறம் பிள்ளை பெற்றவளிடமே வளரும். பூன்லாயின் அம்மா கியங்குக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஆகவே மூன்றாவதை அவள் ஊருக்குள் விற்கவில்லை. மூங்கில் குருத்து விற்க அக்கரையிலிருந்து படகில் வரும் ஓன்சியிடம் விற்றாள். ஓன்சி லாவோஸ்காரி. இக்கரைப் பேய் அக்கரையில் போய் அதிகாரம் பண்ண முடியாது என்பது கியங்கின் கணக்கு. அவள் கணக்கு பேய் விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பூன்லாயைத் தாலுகாவுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அங்கே போக வேறு வண்டி இல்லாததால் நானும் இதில் மாட்டிக்கொண்டேன்.

துணை அதிகாரி சோம்போட் மிக மரியாதையான மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். உட்காரவைத்து மறந்துவிடுவார். ஐஸ் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அன்று அவர் சொன்னார்:

"ஊர்த்தலைவர் ஆகணும்னா பிறப்பால தாய்லாந்துக்காரரா இருக்கணும். இது சட்டம். நீங்க உங்க வாயாலயே லாவோஸ் அம்மாவோட புள்ளைன்னு சொல்லியிருக்கீங்க. நாங்க உங்களை நம்பறோம். மக்களை நம்பாத அரசாங்கம் ஒரு அரசாங்கமா?"

"ஐயா, அது விளையாட்டுக்குச் சொன்னதுங்க."

"விக்கலையா?"

"வித்தாங்க. ஆனா பேய்க்காக வித்தாங்க."

"காசு கை மாறிச்சா?"

"மாறிச்சுங்க."

"பாருங்க," என்றார் சோம்போட், என்னைப் பார்த்து. நான்தான் விற்றேன் என்பது போலிருந்தது.

"சரிங்க ஐயா, தலைவர் பதவியே வேணாம். நான் வாபஸ் வாங்கிக்கறேன். தக்காளி பழுத்துட்டு இருக்கு."

"வாபஸ் வாங்கறதும் ஒரு உரிமைதானே, தம்பி? நீங்க குடிமகனான்னு தெரியாம அந்த உரிமையை எப்படி உங்களுக்குக் குடுக்கறது?"

பிறந்த பத்தாம் நாள் செய்த பிறப்புப் பதிவில் தாய் பெயர் கியங் என்று இருப்பதைப் பூன்லாய் நினைவுபடுத்தினான். சோம்போட் சந்தோஷமாகத் தலையாட்டினார். மூன்றாம் நாளே விற்றாகிவிட்டது. பத்தாம் நாள் கியங் எப்படித் தாயாக இருக்க முடியும்? அது பொய்ப்பதிவு. ஆகவே அதை வைத்து வாங்கிய அடையாள அட்டையும் பொய். அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு ரோஸ் நிற அட்டையைக் கொடுத்தார். நாடில்லாதவர்களுக்கான அட்டை அது. அதை வைத்திருப்பவர் தாலுகா எல்லையைத் தாண்டக்கூடாது.

"தாண்டணும்னா?" என்று கேட்டேன்.

"அனுமதி கேக்கலாம்மா. அடையாள அட்டை நகலோட."

"அட்டை உங்க இழுப்பறையில இருக்கே."

"அதுதான் சிக்கல்," என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்துபோகுமே என்று படித்தவர்கள் யாராவது கேட்கலாம். நாங்களும் கேட்டோம். சோதனை மாகாண ஆஸ்பத்திரியில்தான். ஆஸ்பத்திரி சோதனைச்சாவடிக்கு அப்பால் இருக்கிறது.

அந்தச் சாவடியைத்தான் சொல்ல வேண்டும். பாலத்துக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பு, ஒரு கூரை, ஒரு மின்விசிறி, இரண்டு போலீஸ்காரர்கள். இருபது வருஷமாகப் பூன்லாயிடம் தக்காளி வாங்கித் தின்றவர்கள். முதல் தடவை அவனைத் திருப்பி அனுப்பியபோது அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. அதனால் தக்காளியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் தனியாகக் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தக்காரன் எங்கே என்றார்கள். இரண்டு லோடு திரும்பி வந்து வீட்டு வாசலில் அழுகியது. பூன்லாய் சாவடிவரை நடந்து போய், கம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். தாலுகா பெரியதுதான், மூன்று சந்தை இருக்கிறது, ஒரு குன்றுகூட இருக்கிறது. ஆனால் போகக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவனுக்கு மூச்சு முட்டியது. ராத்திரி கதவைத் திறந்துவைத்துத்தான் தூங்கினான்.

இதெல்லாம் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கியங் வந்து "இவன் நான் பெற்ற பிள்ளை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியாது.

கியங்குக்கு எழுபது தாண்டிவிட்டது. சந்தையில் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்கிறாள், வாய் நீளம், எவனுக்கும் பயப்படமாட்டாள். பேயைத் தவிர. பூன்லாயை விற்ற நாளிலிருந்து "என் பிள்ளை" என்று அவள் சொன்னதை நாங்கள் கேட்டதில்லை. அவனைத் தன்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடவைத்தாள். யாராவது அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் "ஐயே, குரங்கு மூஞ்சி, ஓன்சி பெத்தது எப்படி இருக்கும்?" என்று காற்றுக்குக் கேட்கும்படி சொல்வாள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் கடை திறக்கமாட்டாள்.

சோம்போட் அவளை விசாரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இவரு யாரும்மா?"

கியங் பூன்லாயை மேலும் கீழும் பார்த்தாள். "தெரிஞ்ச பையன்."

"உங்க வீட்டுல நாப்பத்தாறு வருஷமா இருக்காரே?"

"போக இடமில்ல. இருந்துட்டுப் போறான்."

"பெரியம்மா!" என்றான் பூன்லாய். "என் அட்டை போயிடும். இப்பவாவது சொல்லு."

"பாத்தீங்களா, அவனே பெரியம்மான்னுதான் கூப்பிடுறான்," என்றாள் கியங். சொல்லிவிட்டு வெளியே வந்து என் வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, முந்தானை மாதிரி தோளில் போட்டிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ரெண்டு பேரையும் என் புள்ள என் புள்ளன்னு வாய் ஓயாமச் சொன்னேன்டி தியன். கேட்டுட்டு வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு."

நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அவளிடம் வாதாடவில்லை.

இதற்கிடையில் அக்கரைக்கும் எழுதிக் கேட்டிருந்தார்கள். பதில் வந்தது: மேற்படி நபர் லாவோஸ் மண்ணில் பிறக்கவில்லை, ஆகவே எங்களுடையவர் இல்லை. அந்தப் பதிலைப் படிக்கும்போது சோம்போட்டின் கூட இருந்த சுங்க அதிகாரி வேறு ஒரு கோணத்தைக் கிளப்பினார். வெளிநாட்டவருக்கு விற்ற பொருள் நாட்டைவிட்டுப் போகவில்லை என்றால் அது ஏற்றுமதி ஆகாது. விற்ற பின் உள்ளேயே இருப்பதால் உள்நாட்டுப் பொருளும் ஆகாது. பொருள் என்று சொன்னதற்குப் பூன்லாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சட்டத்தில் வேறு வார்த்தை இல்லையாம்.

கடைசியில் சோம்போட் தலைமையில் ஒரு குழு கூடி, யாருக்கும் பாதகமில்லாத முடிவு ஒன்றை எடுத்தது. விற்பனையால் போன பிறப்பை விற்பனையால்தான் மீட்க முடியும். ஓன்சி இறந்துவிட்டாள், அவள் மகன் காம்சிங் இருக்கிறார். அவர் பூன்லாயைத் திரும்ப விற்க வேண்டும், கியங் வாங்க வேண்டும். முறைப்படி, முறத்தில், அலுவலகக் கூடத்தில், வேட்பாளர் பட்டியல் முடிவாகிற நாளில்.

எழுபத்திரண்டு கிலோ ஆளைத் தாங்கும் முறம் எங்கும் இல்லை. மூங்கில் வேலைக்காரர்களை வைத்துச் செய்வித்தார்கள். அது மழைக்காலத்தில் ஆறு பேர் ஒதுங்கலாம் போல இருந்தது. ஆட்டுவதற்கு நான்கு அலுவலக உதவியாளர்களை நியமித்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. வெளியே சந்தைக்குக் கேட்கிறமாதிரி ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சியா கிட்டி முதல் வரிசையில், கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காம்சிங் ஒருநாள் அனுமதியில் படகில் வந்திருந்தார். நல்ல மனிதர், பல்லில்லாமல் சிரித்தார். "அம்மா சாகுறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க, அக்கரையில உனக்கு ஒரு தம்பி இருக்கான்னு. இத்தனை நாள் கழிச்சு முகத்தைப் பாக்கறேன், பாத்த உடனே விக்கச் சொல்றீங்களே!" என்று பூன்லாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து பூன்லாயைப் பிரித்து முறத்தில் உட்காரவைக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

சோம்போட் எழுந்து பேசினார்.

"பெரியோர்களே! பிறப்பு என்பது மிக முக்கியமான விஷயம். அவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பிறந்தவர்கள் பொறுப்பிலும் பெற்றவர்கள் பொறுப்பிலும் விட்டுவைக்க முடியாது. அதனால்தான் அலுவலகம் இருக்கிறது. சட்டம் யாரையும் துன்புறுத்தாது என்று நான் உறுதி சொல்கிறேன். யார் என்று தெரிந்தால்தானே துன்புறுத்த முடியும்? இன்றைக்கு இவர் யார் என்று தெரிந்துகொள்ளப்போகிறோம்."

கைதட்டினார்கள். பிறகு ஒரு விஷயத்தைச் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். மூன்று தடவை கேட்போம். மூன்று தடவையும் யாரும் உரிமை கோராவிட்டால், உரியவர் இல்லாத ஆள் என்ற முறையில் பூன்லாயை இன்றே குடியேற்றத் தடுப்பு முகாமுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வாசலில் கம்பி போட்ட வண்டி நின்றது. நான் என் வண்டியை அதன் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தேன், பார்க்கவே இல்லை.

முறத்தை ஆட்டினார்கள். பூன்லாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யார் பிள்ளை இது?"

கியங் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"யார் பிள்ளை இது?"

அவள் கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்தாள். நகம் என் தோலுக்குள் இறங்கியது. "எது மோசம்டி, பேயா இவனுங்களா?" என்று என் காதில் கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும் பெரியம்மா," என்றேன்.

"பேய்கிட்ட கெஞ்சவாவது கெஞ்சலாம்," என்றாள் கியங்.

மூன்றாவது தடவை கேட்டு முடிக்கவிடவில்லை. "என் புள்ள! நான் பெத்த புள்ளடா! யாருக்கும் குடுக்கமாட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் முறத்துக்குள்ளேயே விழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். நான்கு உதவியாளர்களும் பாரம் தாங்காமல் முறத்தைக் கீழே போட்டார்கள். நான் அழுதேன். ஊர் அழுதது. காம்சிங் அழுதார். பூன்லாய் அழவில்லை, நாற்பத்தாறு வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்ட அதிர்ச்சியில் வாயைத் திறந்தபடி இருந்தான்.

சோம்போட் காத்திருந்தார். பிறகு பணிவாகச் சொன்னார்: "அம்மா, மைக் ஆன்ல இல்லை. பதிவாகலை. இன்னொரு தடவை சொல்லிடுங்க."

கியங் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஒரு தடவை சொன்னதைப் பேய் கவனிக்காமல் விட்டிருக்கலாம். மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்கள். "என் புள்ள," என்றாள். அது கூடத்தைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரைவரை போயிற்று.

கியங் நீட்டிய ஒரு பாட் காசைக் காம்சிங் வாங்கிக்கொண்டதும், பூன்லாய் பிறப்பால் தாய்லாந்துக்காரன் என்று சோம்போட் அங்கேயே அறிவித்தார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பூன்லாய் எழுந்து கையை நீட்டினான். "என் அட்டையைக் குடுங்க ஐயா. லோடு நிக்குது."

"அட்டையா?" என்றார் சோம்போட். "ஏழு வயசுல வந்து வாங்கிக்கலாம்."

"யாருக்கு ஏழு வயசு?"

"உங்களுக்குத்தான். பிறப்பு இன்னைக்குத்தானே நிரூபணம் ஆச்சு? பிறந்த தேதி இன்னைக்குன்னுதான் போட முடியும். நிரூபணம் ஆகாத தேதியைப் போட்டா அதுவும் பொய்ப்பதிவு ஆயிடும். அந்தத் தப்பை ஒரு தடவை பண்ணித்தானே இவ்வளவு சிரமம்? கவலைப்படாதீங்க. ஏழு வயசுல அட்டை. பதினெட்டுல ஓட்டு. இருபத்தஞ்சு வயசானா ஊர்த்தலைவருக்கு நிக்கலாம். எந்தத் தடையும் இல்லை. நானே கையெழுத்துப் போடுவேன், அதுவரைக்கும் இங்க இருந்தா." குழந்தை என்பதால் அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

சியா கிட்டி போட்டியின்றித் தலைவரானார். பதவியேற்புப் பேச்சில், பிறந்த மண்ணை மறக்கக்கூடாது என்று சொன்னார். பிறகு வேலிக்காரர்களை அனுப்பினார். வேலி பூன்லாயின் பாத்திவரை வந்து, குழந்தையின் சொத்தில் கை வைக்கக்கூடாது என்ற சட்டத்தால் நின்றது. சட்டத்தால் எங்களுக்கு நடந்த ஒரே நல்லது அது.

தக்காளிக்கும் வழி பிறந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயோடு வந்தால் சாவடியைத் தாண்டலாம், அட்டை தேவையில்லை. கம்பெனியும் காப்பாளர் கூட இருந்தால் போதும் என்றது. ஆகவே வாரத்துக்கு இரண்டு லோடு, மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறோம். பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரன் தலையை உள்ளே நீட்டுவான். கியங்கை அவனுக்கு நன்றாகத் தெரியும், அவனுடைய கல்யாணச் சாப்பாடே அவள் சமைத்ததுதான். ஆனாலும் சட்டப்படி தாய் வாயால் சொல்ல வேண்டும்.

"என் புள்ள," என்பாள் கியங். முதல் தடவை அதைச் சொல்லி முடித்ததும் அவன் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பு மேலே போய், வண்டி பாலத்தில் ஏறும்வரைக்கும் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை லோடு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பூன்லாய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

போன வாரம் விரல் அங்கே இருக்கும்போதே அவன் திரும்பி அவளைப் பார்த்து, "அம்மா," என்றான்.

கியங் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"சத்தமாச் சொல்லாதடா, கேட்டுரப்போவுது!"

பாலம் முடிகிறவரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை.